மாடி அறையில் மின்சி வளர்ப்பு: முதல் போடுமுன் ஒரு கணக்கு

தெஹிவளைப் பக்கம் சாப்பாட்டுக் கடை நடத்தும் சகோதரர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னைத் தேடி வந்தார். கையில் பளபளப்பான கடதாசியில் அச்சிட்ட ஒரு கொட்டேஷன். நான்கு தட்டுகள் கொண்ட இரும்பு இறாக்கைகள், ஒவ்வொரு தட்டின் மேலும் எல்.ஈ.டி. விளக்குகள், தண்ணீர் சுற்றி ஓடும் குழாய்கள், மோட்டார், உரக் கரைசலுக்கு ஒரு தாங்கி. கடைக்கு மேலே சும்மா கிடக்கும் அறையில் இவற்றையெல்லாம் பொருத்திக் கொடுக்க 14 இலட்சம் ரூபா. விளையும் மின்சி, மல்லி இலை, பேசில் அனைத்தையும் தாங்களே வாங்கிக்கொள்வதாகவும் விற்பவர்கள் சொல்லியிருந்தார்கள். அந்தச் சொல் மட்டும் கொட்டேஷனில் எழுத்தில் இல்லை.

"நானா, மின்சிக்கும் மல்லி இலைக்கும் மட்டும் மாசம் எவ்வளவு போகுது தெரியுமா? மேல வளர்த்தா வாங்கவே தேவையில்லத்தானே. மிச்சத்த ஹோட்டலுக்குக் குடுக்கலாம்" என்றார்.

போடப் போகும் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு, மகளின் கல்யாணத்துக்கு ஒதுக்கி வைத்தது என்றார்.

வீட்டுக்குள் சமையல் இலைகளை வளர்ப்பது இன்று நமது நகரங்களிலும் பேசப்படும் தொழிலாகிவிட்டது. இதில் காசு உண்டா என்று கேட்டால், உண்டு என்றே சொல்வேன். ஆனால் அந்தக் காசு இருக்கும் இடம் வேறு, விற்பவர்கள் காட்டும் இடம் வேறு. அன்று மாலை அந்தச் சகோதரரும் நானும் மேசையில் உட்கார்ந்து போட்ட கணக்கையும் அதன் பிறகு நடந்ததையும் எழுதினால் வேறு சிலருக்கும் உதவக்கூடும் என்று நினைக்கிறேன்.

விளக்கு தின்னும் அலகுகள்

செடிக்குச் சாப்பாடு வெளிச்சம். உரம் என்பது அதற்குப் பிறகுதான். நமது கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரியும் அறை செடிக்கு இருட்டறை. டியூப் லைட் எரியும் ஒரு கந்தோரில் மேசை மீது விழும் வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ் வரை இருக்கும். நண்பகல் வெயிலில் வெளியே அது 1 இலட்சம் லக்ஸ் வரை போகிறது. பேசில் போன்ற ஒரு செடி விற்கக்கூடிய அளவுக்குத் தழைத்து வளர வேண்டுமானால் சுமார் 15,000 முதல் 20,000 லக்ஸ் வெளிச்சத்தை நாளொன்றுக்கு 14 மணித்தியாலம் அளவில் கொடுக்க வேண்டும்.

இதை விளக்கால் கொடுப்பதென்றால், நல்ல தரமான எல்.ஈ.டி. விளக்காக இருந்தாலும், ஒரு சதுர மீற்றர் செடிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை அலகு மின்சாரம் போகும். சகோதரரின் அறைக்குச் சொல்லப்பட்ட இறாக்கைகளின் மொத்தப் பரப்பு 20 சதுர மீற்றர். ஆகவே விளக்குக்கு மட்டும் ஒரு நாளைக்கு 30 அலகுகள். கதை அதோடு முடிவதில்லை. விளக்கு எடுக்கும் மின்சாரம் அநேகமாக முழுவதும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் தங்குகிறது. கொழும்புச் சூட்டில் மூடிய அறைக்குள் அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏ.சி. வேண்டும். மின்விசிறியும் மோட்டாரும் வேறு. அதற்கு இன்னொரு 10 அலகு வைத்தால் நாளொன்றுக்கு 40 அலகுகள்.

விதைத்து வெட்டும் வரை ஐந்து வாரங்கள் என்று கொள்வோம். 35 நாட்களுக்கு 1,400 அலகுகள். நன்றாகக் கவனித்தால் ஒரு சதுர மீற்றரில் 2 முதல் 3 கிலோ வரை இலை எடுக்கலாம். 20 சதுர மீற்றரில் 40 முதல் 60 கிலோ. கணக்குக்காக அலகு ஒன்று 30 ரூபா என்று வைத்தால், மின்சாரத்துக்கு மட்டும் 42,000 ரூபா. கிலோ ஒன்றுக்கு 700 முதல் 1,050 ரூபா வரை கரண்ட் பில்லே தின்றுவிடுகிறது. விதை, உரம், ஆள் கூலி, பொதி, பெற்றோல், அந்த 14 இலட்சத்தின் தேய்மானம் எதுவும் இதில் சேரவில்லை. உங்கள் கடைப் பில்லில் அலகு ஒன்று எவ்வளவு விழுகிறதோ அதைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

அந்தப் பக்கம் பேலியகொடை மெனிங் சந்தைக்கு லொறியில் வந்திறங்கும் மின்சிக்கு வெளிச்சம் கொடுத்தது சூரியன். சூரியன் பில் அனுப்புவதில்லை. மின்சாரக் கட்டணம் எப்படித் துள்ளும் என்பதை வர்த்தகர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. 2022 ஆகஸ்ட்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் கூட்டப்பட்டன. பிறகு குறைந்தது, மறுபடி கூடியது. நமது கையில் இல்லாத ஒரு விலையின் மீது முழு வியாபாரத்தையும் கட்டி எழுப்புவது துணிச்சலான காரியம்தான். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததும் நினைவிருக்கும். குழாயில் ஓடும் தண்ணீரில் வேர் தொங்கும் முறையில், மோட்டார் நின்று சில மணித்தியாலத்தில் செடிகள் தலை சாய்ந்துவிடும்.

பேர்லின் கண்ணாடிப் பெட்டிகள்

"அப்ப வெளிநாட்டில இது பெரிசா நடக்குதுன்னு சொல்றாங்களே" என்று சகோதரர் கேட்டார். நடந்தது உண்மைதான். அதையும் சொன்னேன்.

ஜேர்மனியின் பேர்லின் நகரில் 2013ஆம் ஆண்டு மூன்று பேர் சேர்ந்து இன்ஃபார்ம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சுப்பர் மார்க்கட்டின் உள்ளேயே கண்ணாடிப் பெட்டி வைத்து, விளக்கு வெளிச்சத்தில் பேசில், மின்சி, மல்லி போன்றவற்றை வளர்த்து, வேருடன் பிடுங்கி வாடிக்கையாளரின் கையில் கொடுப்பதே அவர்களது யோசனை. 2016இல் பேர்லின் மெட்ரோ மொத்த விற்பனை நிலையத்தில் பெட்டி வைத்தார்கள். பின்னர் ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பான் என்று பரவினார்கள். 2021 டிசம்பரில் 20 கோடி டொலர் முதலீடு கிடைத்தது. முதலிட்டவர்களில் கட்டார் அரசின் முதலீட்டு நிறுவனமும் ஒன்று. நிறுவனத்தின் பெறுமதி 100 கோடி டொலரைத் தாண்டியதாகப் பேசப்பட்டது.

ஓராண்டு கூட ஆகவில்லை. 2022இல் உக்ரைன் யுத்தத்தோடு ஐரோப்பாவில் மின்சார விலை ஏறியது. அந்த நவம்பரிலேயே சுமார் 500 ஊழியர்களை, அதாவது பாதிக்கும் மேற்பட்டோரை, வீட்டுக்கு அனுப்புவதாக அறிவித்தார்கள். 2023இல் ஐரோப்பாவில் தமது வேலைகளைச் சுருட்டிக்கொண்டார்கள். அதே 2023 ஜூனில் அமெரிக்காவின் ஏரோஃபார்ம்ஸ் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. நியூயோர்க்கில் தொடங்கிய பவரி ஃபார்மிங் 2024 நவம்பரில் கதவை மூடியது. இவர்களிடம் இல்லாத விஞ்ஞானியும் இல்லை, கணினியும் இல்லை. இலைக்கு வந்த விலை விளக்குக்குப் போன விலையை அடைக்கவில்லை. முதலீட்டாளரின் பணம் வந்துகொண்டிருந்த வரை அது தெரியாமல் இருந்தது.

இன்ஃபார்ம் ஒரு விடயத்தைச் சரியாகவே பிடித்திருந்தது என்பது என் எண்ணம். வேருடன் இருக்கும் செடி சாகாத சரக்கு. அதை மட்டும் எடுத்துக்கொண்டு விளக்கை விட்டுவிட முடியுமா என்று பார்ப்பதுதான் நமக்கு இலாபம்.

மாலையில் குப்பைக்குப் போகும் கட்டு

மின்சி, மல்லி, பேசில் மூன்றுமே வெட்டிய நிமிடத்திலிருந்து சாகத் தொடங்கும் சரக்கு. பூச்சியப் பாகைக்குக் கிட்டிய குளிரில் ஈரம் காத்து வைத்தால் மின்சியும் மல்லி இலையும் இரண்டு வாரம் அளவில் தாக்குப்பிடிக்கும். கொழும்பு வெயிலில் கடை வாசலில் கிடந்தால் பின்னேரம் வரை கூடத் தாங்காது. பேசில் இன்னும் ஒரு படி சிக்கலானது. 10, 12 பாகைக்குக் கீழே போனால் அதன் இலை கறுத்துப் போகும். சாதாரணக் குளிர்சாதனப் பெட்டிக்குள் 4, 5 பாகையில் வைத்தால் மறுநாள் காலையில் எடுத்து எறிய வேண்டியதுதான். வெளியே வைத்தால் வாடும், உள்ளே வைத்தால் கறுக்கும். பீட்சா போடும் சிறிய கடைக்காரர்களுக்கு இந்தத் தலையிடி நன்றாகத் தெரியும்.

சகோதரரின் முதல் யோசனை தனது சொந்தக் கடைக்கு வளர்ப்பது. அதையும் கணக்கிட்டோம். புரியாணிக்கும் மின்சிச் சம்பலுக்குமாக நாளொன்றுக்கு 2 கிலோ போகிறது என்றார். எட்டு அங்குலச் சாடி ஒன்றில் ஒரு தடவை வெட்டினால் 70 கிராம் அளவில் வரும். திரும்ப வளர மூன்று, நான்கு வாரம் வேண்டும். 2 கிலோவுக்கு ஏறக்குறைய 29 சாடி. 25 நாள் சுற்றுக்கு 700க்கும் மேல். அந்த அறையில் அவ்வளவு சாடிக்கு இடமே இல்லை. பெரிய சட்டியில் சமைப்பவர், கல்யாண வீட்டுக்குச் சஹன் கணக்கில் ஓர்டர் எடுப்பவர், எல்லோரும் மெனிங் சந்தையில் வாங்குவதுதான் சரி. வீட்டுக்குள் வளர்ப்பது அவர்களுக்கான தொழில் அல்ல.

அப்படியானால் யாருக்கு? கொஞ்சமாகத் தேவைப்பட்டும் கட்டாக வாங்க வேண்டியிருப்பவருக்கு. தேசிக்காய் ஜூசுக்கு நாலு இலை மின்சி போடும் ஜூஸ் கடை. சூப்பின் மேல் தூவ ஒரு பிடி மல்லி தேவைப்படும் சிறிய உணவகம். பீட்சாவுக்கு நாளைக்கு முப்பது இலை பேசில் போதுமான கஃபே. இவர்கள் 250 கிராம் வாங்கி 100 கிராம் பாவித்து 150 கிராமைக் குப்பையில் போடுகிறார்கள். அந்தக் குப்பைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார்கள். கவுண்டரில் ஒரு சாடி நின்றால் தேவையான இலையை மட்டும் கிள்ளிக்கொள்ளலாம்.

விற்பவருக்கும் இதில் வசதி உண்டு. கட்டு விற்காவிட்டால் முதலே போச்சு. சாடி விற்காவிட்டால் நாளைக்கும் அது சாடிதான்.

மழைக்காலத்தில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளியால் மலையக வீதிகள் துண்டிக்கப்பட்ட நாட்களில் பச்சை இலை தேடி அலைந்த சமையல்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கூரையில் இரண்டு தகடு

வெளிச்சம் வேண்டும், விளக்கு வேண்டாம் என்றால் சூரியனை அறைக்குள் கொண்டுவர வேண்டும். சகோதரரின் மாடி அறை பழைய களஞ்சியம். மேலே அஸ்பெஸ்டோஸ் கூரை. கிழக்கே இரண்டு ஜன்னல். கூரையில் நான்கு தகடுகளைக் கழற்றிவிட்டு வெளிச்சம் ஊடுருவும் தகடுகளைப் போடச் சொன்னேன். முதலில் இரண்டு போதும் என்று அவரே முடிவெடுத்தார். பிறகு மற்ற இரண்டையும் போட்டார். பழைய அஸ்பெஸ்டோஸ் தகட்டை அறையில் வைத்து வெட்டவோ உடைக்கவோ கூடாது. அதன் தூசு நெஞ்சுக்குக் கெடுதி. முழுத் தகடாகவே இறக்க வேண்டும்.

ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்து வேலை செய்பவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். அவற்றில் தெற்கு ஜன்னலில் சாடியை வைக்கும்படி எழுதியிருக்கும். அது இங்கிலாந்துக்காரருக்குச் சொன்னது. நமது நாட்டில் ஏப்ரல் 5 முதல் 15 வரையிலான நாட்களில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். ஓகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பர் ஆரம்பத்திலும் திரும்ப ஒரு தடவை. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. தெற்கு ஜன்னலில் அந்நாட்களில் ஒரு துளி வெயில் விழாது. வருடம் முழுக்க நம்பக்கூடியது கிழக்கு ஜன்னலின் காலை வெயில்தான். மேற்கு ஜன்னல் பின்னேரச் சூட்டில் செடியை வேக வைத்துவிடும். ஜன்னலிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளினாலே வெளிச்சம் பெருமளவு குறைந்துவிடும் என்பதால், நடு அறையில் அழகுக்கு வைக்கும் சாடியில் பிழைப்பு நடத்த முடியாது.

வெளிச்சத் தகட்டின் கீழ் சூடும் கூடும். முதல் வாரத்தில் சகோதரரின் அறை அடுப்படி போலவே இருந்தது. கூரையோரத்தில் சூடு வெளியேற ஓர் இடைவெளி விட்டு, தகட்டின் கீழே பாதி நிழல் தரும் பச்சை வலையும் கட்டிய பிறகுதான் நிலைமை சீரானது.

வளர்ப்பு ஊடகத்துக்கு நாம் எங்கும் போகத் தேவையில்லை. ஐரோப்பாவின் பசுமைக் குடில்கள் இலங்கைத் தும்புத்தூளை இறக்குமதி செய்து அதில்தான் தக்காளி வளர்க்கின்றன. நாம் நமது கையில் இருப்பதை விட்டுவிட்டுக் குழாயும் மோட்டாரும் தேடுகிறோம். தும்புத்தூளில் உப்பு இருக்கக்கூடும். இரண்டு மூன்று தடவை தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து கழுவிய பிறகே பாவிக்க வேண்டும். அதில் தன் சத்து என்று பெரிதாக எதுவும் இல்லை. கொம்போஸ்ட் கலக்கலாம், அல்லது விவசாயப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் அல்பேர்ட் கரைசல் தூளை, பக்கெட்டில் எழுதியுள்ள அளவில் பாதியாகக் கரைத்து ஊற்றலாம். கூடுதலாக ஊற்றினால் இலை பெருக்கும், மணம் குறையும். மின்சியை வாங்குபவர் மணத்துக்குத்தான் காசு தருகிறார்.

எந்த இலை, எது வேண்டாம்

மின்சிக்கு விதையே தேவையில்லை. சந்தையில் வாங்கிய கட்டில் தடித்த தண்டுகளைத் தெரிந்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்ணீரில் நிற்க வைத்தால் ஒரு வாரம் பத்து நாளில் வேர் விடும. சிறிது நிழலையும் தாங்கும். சகோதரரின் முதல் ஐம்பது சாடிகளும் தனது கடைக்கு வாங்கிய கட்டிலிருந்து வந்தவைதான். செலவு சாடிக்கும் தும்புத்தூளுக்கும் மட்டும்.

மல்லிதான் அவரை அலைக்கழித்தது. மசாலாக் கடை மல்லியை அப்படியே தூவினார், பாதி முளைக்கவில்லை. பழைய சரக்காக இருந்தால் அப்படித்தான். இருபது விதையை ஈரத் துணியில் சுற்றி வைத்து எத்தனை முளைக்கிறது என்று பார்த்த பிறகு விதைக்க வேண்டும். மல்லி விதை என்று நாம் சொல்லும் உருண்டைக்குள் இரண்டு விதைகள் இருக்கின்றன. மெதுவாக அழுத்தி இரண்டாகப் பிளந்து போட்டால் முளைப்பு சீராகும். இவ்வளவும் செய்த பிறகும், கொழும்புச் சூட்டில் அது அவசரமாகப் பூத்துத் தண்டு நீட்டிவிடும். மலைநாட்டுக் குளிரில் தழைப்பது போல் இங்கே தழைக்காது. பத்து நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்து, முப்பத்தைந்து நாளில் வேரோடு எடுத்துவிடுவதே வழி. மல்லியை வெட்டி வெட்டி எடுக்கும் சாடியாக விற்கப் போனால் வாடிக்கையாளரின் திட்டுத்தான் கிடைக்கும்.

பேசில் நமது சூட்டை விரும்பும் செடி. சர்பத்திலும் பலூடாவிலும் நாம் ஊற வைத்துப் போடும் கசகசா பேசில் இனத்தின் விதை என்பது பலருக்குத் தெரியாது. அதைத் தூவினாலும் முளைக்கும். ஆனால் வளரும் செடியின் மணம் பீட்சாக் கடைக்காரர் தேடும் மணமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதற்கு சுவீட் பேசில் என்று எழுதிய விதைப் பக்கெட்டையே வாங்க வேண்டும். இன்னொரு விடயம். இங்கிலாந்து சுப்பர் மார்க்கட்டுகளில் விற்கும் அடர்த்தியான பேசில் சாடிகள் வீட்டுக்குப் போய் இரண்டு வாரத்தில் செத்துவிடும் என்பது அங்கே பிரசித்தமான முறைப்பாடு. காரணம், சாடி நிறைந்து அழகாகத் தெரிய வேண்டும் என்று ஒன்றிலேயே இருபதுக்கும் மேற்பட்ட கன்றுகளை நெருக்கி விதைக்கிறார்கள். ஒன்றையொன்று பட்டினி போட்டுக் கொல்கின்றன. நான்கு கன்றுக்கு மேல் விடாதீர்கள். பூ மொட்டு தெரிந்தவுடன் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விட்டு மாதக்கணக்கில் நிற்கும்.

பார்ஸ்லி முளைக்க மூன்று வாரம் வரை எடுக்கும். பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும். ரோஸ்மேரியும் தைமும் கடும் வெயிலும் காய்ந்த வேரும் கேட்பவை, அறைக்குள் ஈரக்காற்றில் அழுகும். விட்டுவிடலாம்.

சாடித் தட்டும் பீ.எச்.ஐ.யும்

சாடியின் கீழ் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கி நின்றால் அது டெங்கு நுளம்பின் தொட்டில். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் நீதிமன்றம் வரை போகும். உங்கள் சாடி நிற்பது இன்னொருவரின் கடையில் என்றால், அவருக்கு விழும் தண்டம் உங்கள் வியாபாரத்தையும் முடித்துவிடும். தட்டே இல்லாமல், அடியில் துவாரமுள்ள சாடியை இன்னொரு சாடிக்குள் இறக்கி, இடையில் தும்பு அடைத்துக் கொடுக்கிறார் நமது சகோதரர்.

இந்த இலைகள் பெரும்பாலும் பச்சையாக வாய்க்குப் போகின்றன. ஆகவே பூச்சி மருந்து என்ற பேச்சுக்கே இடமில்லை. வெண் ஈயும் அசுவினியும் வரத்தான் செய்யும். சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்துக் கழுவிவிட வேண்டும், அடங்காவிட்டால் அந்தச் சாடியையே எறிந்துவிட வேண்டும். ஊற்றும் தண்ணீரும் குடிக்கத் தகுந்ததாக இருக்கட்டும். 2011இல் ஜேர்மனியில் பச்சையாகச் சாப்பிடும் வெந்தய முளைகளால் பரவிய கிருமியினால் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். முளை வேறு, இலை வேறுதான். என்றாலும் பச்சையாக விற்கும் எவரும் அதை மறக்கக் கூடாது.

கொடுக்கல் வாங்கல்

முதல் மாதம் சகோதரர் சாடிகளை ஒரேயடியாக விற்றார். வாங்கிய கடைகளில் தண்ணீர் ஊற்ற ஒருவரும் இல்லை. மூன்று வாரத்தில் அநேகமானவை காய்ந்தன. "உங்கட செடி சரியில்ல" என்று சொல்லிவிட்டார்கள். ஹோட்டல் ஒன்றும் மாதிரி கேட்டு வாங்கியது. பிறகு காசுக்கு இரண்டு மாதத் தவணை என்றது. சிறு முதலோடு தொடங்குபவர் அழியும் சரக்கை இரண்டு மாதக் கடனுக்குக் கொடுத்தால் மூன்றாம் மாதம் விதை வாங்கவும் காசிராது. அவர் கொடுக்கவில்லை. அது சரியான முடிவு.

இரண்டாம் மாதம் முறையை மாற்றினார். இப்போது அவர் சாடியை விற்பதில்லை, வாரத்துக்கு ஒரு தடவை மாற்றிக் கொடுக்கிறார். கடைக்கு நான்கு சாடி. திங்கட்கிழமை பையன் மோட்டார் சைக்கிளில் போய் கிள்ளி முடித்த நான்கையும் எடுத்துக்கொண்டு தழைத்த நான்கை வைத்துவிட்டு, கையோடு காசையும் வாங்கி வருகிறான். வந்த சாடிகள் மாடியில் நான்கு வாரம் ஓய்வெடுத்துத் திரும்பத் தழைக்கின்றன. ஏழு கடைகளுக்கு 28 சாடி வெளியே, 112 சாடி உள்ளே, மொத்தம் 140. அந்த அறை தாங்குவது அவ்வளவுதான்.

சாடி ஒன்றுக்கு வாரம் 200 ரூபா எடுக்கிறார். வாரத்துக்கு 5,600, மாதத்துக்கு 24,000 அளவில். பையனின் நேரம், பெற்றோல், உரம், செத்த சாடிகளுக்குப் பதில் வைப்பது எல்லாம் கழித்தால் கையில் மிஞ்சுவது 13,000, 14,000. கூரைத் தகடு, வலை, சாடி, தும்புத்தூள் என்று அவர் போட்ட முதல் 1 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. கிலோக் கணக்கில் பார்த்தால் இந்த மின்சி சந்தை மின்சியைவிடப் பல மடங்கு விலை கூடியது. ஜூஸ் கடைக்காரர் ஒருவர் அதைச் சொல்லியே விலகினார், அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. அவரிடம் ஒரு நாளில் ஒரு கட்டு முழுவதும் முடிந்துவிடுகிறது. நிலைத்து நிற்பவர்கள் பேசில் வாங்கும் கஃபேக்காரர்கள்தான். அதனால் 140இல் 90 சாடியை இப்போது பேசிலுக்கு மாற்றிவிட்டார்.

இதை முழுநேரத் தொழில் என்று யாரும் எண்ண வேண்டாம். ஏற்கனவே ஒரு கடை, ஒரு பையன், வெயில் விழும் ஓர் அறை இருப்பவருக்கு இது மேலதிக வருமானம். அறையை வாடகைக்கு எடுத்து ஆளைச் சம்பளத்துக்குப் போட்டுத் தொடங்கினால் இந்தக் கணக்கு நிற்காது. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்து ஒரு பில் புத்தகமும் வைத்துக்கொள்வது நல்லது. கஃபேக்காரர்கள் பில் கேட்பார்கள்.

விளக்கு இறாக்கை விற்க வந்தவர்களிடம் சகோதரர் ஒரு கேள்வி கேட்டாராம்: விளைச்சலை வாங்கிக்கொள்வீர்கள் என்றால் கிலோ என்ன விலைக்கு, எத்தனை வருடத்துக்கு என்று முத்திரையொட்டிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். அதன் பிறகு அவர்களின் தொலைபேசி அழைப்பு வரவில்லை.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது மாடிக்கு ஏறிப் பார்த்தேன். கல்யாணப் பணம் வங்கியிலேயே இருக்கிறது என்றார். இப்போது அவருக்கு வேறொரு யோசனை. கடைகளிடம் சாடிக்கு முற்பணமாக ஒரு தொகை வாங்கி வைக்கலாமா, காஸ் சிலிண்டருக்குப் போல, என்று கேட்டார். ஒரு கஃபேயில் இரண்டு சாடி உடைந்திருக்கிறது, ஒருவரும் பொறுப்பேற்கவில்லை. வாங்கலாம் என்றேன், ஆனால் புதிதாக வருபவர்களிடம் மட்டும். பழைய ஏழு கடையிடமும் இப்போது போய்க் கேட்டால் திங்கட்கிழமை காசும் தாமதமாகத் தொடங்கிவிடும்.